மொத்தமாக வாங்கிய கவிதை

அன்பு மகள் பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. உன் உடம்பும் உன் வேலையும் அந்த ஊர்க் குளிரும் ஒன்றோடொன்று ஒத்துப்போய் நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கே நான், உங்கம்மா, உன் சித்தப்பா மூன்று பேரும் உடம்பளவில் நலம். மனசளவில் நேற்று மத்தியானம் வரை நலமில்லை. நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேசினால் நீ கடைசி வரியைத்தான் முதலில் படிப்பாய். சித்தப்பா பேருக்கு நீ அனுப்பிய கவரை நான் பிரித்தேன். உள்ளே இருந்ததைப் படித்தேன். அவனிடம் கொடுக்காமல் ஒன்பது நாள் என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அந்த ஒன்பது நாளும் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் என்றால் நீ ஒன்று சொல்வதற்குள் நான் மூன்று சொல்லிவிடுவேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

கவர் வந்தது நம் பழைய கதவுக் கடை விலாசத்துக்கு. கடைக்கு வந்தது கடைக்காரனுக்கு வந்தது என்பது என் நியாயம், தப்புதான், ஆனால் அந்த நிமிஷம் அப்படித் தோன்றவில்லை. ஒரு ஓட்டல்காரர் இரட்டைக் கதவு ஒரு ஜோடி விலை பேசிக்கொண்டிருந்தார், நான் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டு அவர் தானாக இறங்கி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன், அப்போது தபால்காரர் வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். உன் கையெழுத்து. என் பேர் இல்லை. அவன் பேர். அன்றைக்கு அந்த ஓட்டல்காரர் நினைத்ததைவிடக் குறைந்த விலைக்குக் கதவை வாங்கிப் போனார், ஏனென்றால் நான் கவனிக்கவில்லை. முப்பது வருஷத்தில் எனக்கு இப்படி நடந்ததில்லை. அவர் போனதும் பிரித்துவிட்டேன். ஒரு தாளில் ஏழு வரிக் கவிதை. இன்னொரு துண்டுச் சீட்டில், சித்தப்பா, இதைப் புத்தகத்தில் சேர்க்கலாமா, அப்பா பார்த்தால் என்ன நினைப்பார், நீங்கள் வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன், மாசக் கடைசிக்குள் அச்சகத்தில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அப்பா பார்த்தால் என்ன நினைப்பார் என்பதை அப்பாவிடம் கேட்காமல் அவனிடம் கேட்கிறாய். அந்த இடத்தில்தான் எனக்கு ஏறியது.

இதை நான் ஒளித்துப் பிரயோஜனமில்லை, எனக்கு அவன்மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை. நீ வீடு மாறினது அவனுக்குத்தான் முதலில் தெரிந்தது. உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கின சேதி எனக்கு நாலு நாள் கழித்து, அதுவும் அவன் சாப்பிட்டுக்கொண்டே, பாவம் பொடிசு ஒரு பக்கமா மென்னுக்கிட்டு இருக்கா என்று சொன்னபோது தெரிந்தது. எந்தப் பக்கம் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு ஆணியைக்கூட விற்கத் தெரியாதவன். அச்சகத்தில் புரூஃப் பார்த்து, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்து, மூன்று வேளையும் நம் வீட்டில் சாப்பிடுகிறவன். அவனிடம் என் மகள், அப்பாவைப் பற்றி, அப்பாவுக்குத் தெரியாமல், அபிப்பிராயம் கேட்கிறாள். சரி, ஏழு வரிதானே, நானே படித்துப் புரிந்துகொண்டு, அவனுக்கு முன்னால் உனக்குப் பதில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த ஏழு வரி இப்போது எனக்கு மனப்பாடம். சரியாக எழுதுகிறேனா என்று பார்.

கிட்கிந்தைக் காவலனே,
எதிரே வந்தால் என்னில் பாதி
உதிரும் என்று தெரிந்து
ஓரமாய் ஒதுங்கி ஒதுங்கியே
ஒரு கடல் தள்ளி வந்தேன்.
பாதிக்கு மேல் பலம் சேர்ந்ததும்
பக்கத்தில் வந்து அமர்வேன்.

நான் எப்படிப் படித்திருப்பேன் என்று உனக்கே தெரியும். இடிக்கப்போகிற வீட்டுக்குள் நுழைந்து நிலை எத்தனை, கதவு எத்தனை, ஜன்னல் எத்தனை, எது தேறும், எது செல்லரித்தது என்று பார்க்கிற மாதிரி ஒவ்வொரு சாமானாகப் பார்த்தேன். கிட்கிந்தை என்பது நீ இருக்கும் பக்கத்தில் ஏதோ ஒரு ஊர், அங்கே ஒரு கட்டடத்தில் காவலுக்கு ஒரு ஆள் இருக்கிறான், அவன் எதிரில் போனால் உனக்கு எதுவோ உதிர்கிறது. முடி கொட்டுகிறதோ என்றுகூட நினைத்தேன், குளிர் ஊரில் தலைமுடி கொட்டும் என்று உங்கம்மா சொல்வாள். சிரிக்காதே. இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். பிறகு நம் கடைத் தச்சரிடம் தாளை நீட்டினேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து வரிக்கு வரி வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, முதலாளி, கவிதைன்னா கதவுல செதுக்குற பூ வேலைதான், பார்க்க நல்லாருக்கும், இடுக்குல தூசி அடையும், நமக்கு எதுக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஐந்தாவது நாள் ஒரு பள்ளிக்கூட டீச்சர் கலர் கண்ணாடி பதித்த ஜன்னல் கதவு தேடி வந்தார். கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், டீச்சர், ஒரு தெரிந்த பெண் எழுதினது, இதில் என்ன இருக்கிறது என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். என் மகள் என்று சொல்ல வாய் வரவில்லை. மகள் எழுதினது அப்பனுக்குப் புரியவில்லை என்று வெளியாள் முன்னால் எப்படிச் சொல்வது. அந்த அம்மா ஜன்னலைச் சாய்த்து வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம். கிட்கிந்தை என்றால் குரங்குகளின் ராஜ்ஜியம், காவலன் என்றால் வாசலில் நிற்கிற ஆள் இல்லை, அரசன், அந்த அரசன் வாலி, புராணத்தில் வருகிறவன், ஊரையும் பேரையும் முழுசாகச் சொல்லாமல் லேசாகத் தொட்டுக் காட்டிவிட்டுப் போவது கவிஞர்கள் வழக்கம் என்றார். வாலிக்கு ஒரு வரம் உண்டாம், சண்டைக்கு எதிரே வந்து நிற்பவன் பலத்தில் பாதி இவனுக்கு வந்துவிடும். இதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது, உன்னிடம் மறைப்பானேன். என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தவன் எவன் முழுப் பலத்தோடு எழுந்து போயிருக்கிறான். என் மகள் கண்டுபிடித்துவிட்டாள், அப்பனைச் சரியாக எடை போட்டுவிட்டாள் என்று நினைத்து, கதை முழுக்கச் சொல்லுங்கள் டீச்சர் என்றேன். அங்கேதான் வினை. அவர் முழுக்கச் சொல்லிவிட்டார். வாலிக்கு ஒரு தம்பி உண்டு, தம்பியை நாட்டைவிட்டுத் துரத்தினான், தம்பி பெண்டாட்டியையும் பறித்துக்கொண்டான், கடைசியில் அந்தத் தம்பிக்காக ஒருவர் மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று அம்பு விட்டு இவனைக் கொன்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. வாலி போல என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறாளா பாருங்கள் என்று கேட்டேன். போல இருந்தால் உவமை, இதில் போல இல்லை, நீதான் அது என்று நேராகக் கூப்பிடுகிறாள், இது உருவகம், இன்னும் அழுத்தம் என்றார். போல என்று போட்டிருந்தால் கொஞ்சம் தள்ளுபடியாவது இருந்திருக்கும், அதுவும் இல்லை. டீச்சருக்கு ஜன்னலோடு தாழ்ப்பாள் ஒன்றை இலவசமாகக் கொடுத்து அனுப்பினேன், சந்தோஷத்தில் இல்லை, சீக்கிரம் போகட்டும் என்று.

அதற்குப் பிறகு நாலு நாள் நான் மனுஷனாக இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வருகிறது. அண்ணன் நான். தம்பி அவன். மறைந்து நின்று அம்பு விடுவது நீ, ஒரு கடல் தள்ளி நிற்பதைவிடப் பெரிய மறைவு எது. அவன் உன்னிடம் என்னைப் பற்றிப் பிராது சொல்லியிருக்கிறான், நீ அவனுக்காக வில்லை எடுத்திருக்கிறாய். ஒன்றே ஒன்றுதான் இடித்தது, அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை, நான் யார் பெண்டாட்டியைப் பறித்தேன். அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன், அவன் கல்யாணம் ஆகாமல் இருப்பதற்கே நான்தான் காரணம் என்று சொல்லியிருப்பான் என்று. பார்த்துக்கொள், பொறாமைக்காரனுக்கு எவ்வளவு சுறுசுறுப்பான மூளை. அவன் சாப்பிட வந்தால் நான் எழுந்து கைகழுவப் போவேன். கடையில் அவன் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டால் கிடங்குக்குள் போய்ப் பழைய கீல்களை எண்ணிக்கொண்டிருப்பேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி, உங்ககிட்ட ஏதாவது சண்டையா என்று உங்கம்மாவைக் கேட்டிருக்கிறான். என்கிட்ட சண்டைன்னா வீடு இவ்வளவு அமைதியா இருக்குமா என்றாளாம் உங்கம்மா.

அவள்தான் முடிச்சை அவிழ்த்தாள். நேற்றுக் காலை சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் கை விட்டிருக்கிறாள். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நானும் அவனும் உட்கார்ந்த பிறகு, நான் எழுந்துபோக வழியில்லாதபடி நாற்காலியை ஒட்டி நின்றுகொண்டு, தாளையும் சீட்டையும் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, கொழுந்தனாரே, உங்க தபால் ஒன்பது நாளா உங்க அண்ணன் நெஞ்சுல இருந்திருக்கு, வாங்கிக்கங்க என்றாள். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு முறை படித்தான். ஒரு முறைதான் பொடிசு. எனக்கு ஒன்பது நாள். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், கண்ணையும் துடைத்தான். அவன் அழுதது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கவிதையில் காவலன் நான். திட்டானாலும் புகழானாலும் அது எனக்கு வந்தது. அவன் எதற்கு அழ வேண்டும்.

நான் மனசில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். என்னைப் பற்றி என்னடா சொல்லி வைத்திருக்கிறாய், உன்னை நான் எந்த நாட்டைவிட்டுத் துரத்தினேன், மாடியறையைவிட்டாவது துரத்தினேனா, உனக்குப் பெண் பார்த்ததில் மூன்றை நீதான் வேண்டாம் என்றாய், கடைசியில் என்னை வாலி என்று என் மகளை விட்டே எழுத வைத்து அம்பு விடுகிறாயா என்று கத்தினேன். அவன் வாயில் சோற்றோடு என்னைப் பார்த்தான். உங்கம்மா முந்திக்கொண்டாள். வாலின்னா வால் இருக்கணும், உங்களுக்கு வாய்தானே இருக்கு என்றாள். அவன் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, அடங்கி, பிறகு சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். அண்ணே, நீங்க வழக்கம்போல வீட்டை மொத்தமா வாங்கிட்டீங்க, அவ உங்களுக்குக் குடுத்தது ஒரே ஒரு கதவு. வாலிகிட்டருந்து அவ எடுத்தது அந்த வரம் மட்டும்தான். தம்பி, தம்பி பெண்டாட்டி, மரம், அம்பு, இதெல்லாம் அந்த வீட்டுலயே கிடக்கு, அவ தொடவே இல்ல. உங்களை யாராவது சிங்கம்னு சொன்னா பிடரி எங்கன்னு கண்ணாடியில தேடுவீங்களா? உவமைன்னாலும் உருவகம்னாலும் ரெண்டுக்கும் பொதுவா இருக்கிற ஒண்ணை எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுடணும்.

என் தொழிலில் அப்படிச் செய்ய முடியாது பொடிசு. இடிக்கிற வீட்டில் நல்ல கதவை மட்டும் கழற்றிக்கொண்டு போகிறேன் என்றால் வீட்டுக்காரன் விடமாட்டான், உளுத்த ஜன்னலையும் ஓட்டை நிலையையும் சேர்த்து எடு என்பான், நானும் எடுப்பேன். அந்தப் பழக்கத்தில் உன் கவிதையையும் உளுத்த சாமானோடு சேர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கழித்துப் பார்த்தால் அம்பு இல்லை, பிராது இல்லை, தம்பியே இல்லை. அவன் அந்தக் கவிதையில் இல்லவே இல்லை என்று தெரிந்ததும் எனக்கு உண்டான நிம்மதியை என்னவென்று சொல்வது. ஏழு வரியில் ஒரு ஓரத்தில்கூட அவன் இல்லை. நீயும் நானும்தான்.

ஆனால் அந்த நிம்மதி ரொம்ப நேரம் நிற்கவில்லை. சத்தமா வாசிங்கண்ணே என்றான். வாசித்தேன். சாமான் லிஸ்ட் வாசிக்காதீங்க, கதவைத் தட்டிப் பார்ப்பீங்கள்ல, அந்த மாதிரி தட்டித் தட்டி வாசிங்க என்றான். அது எனக்குத் தெரிந்த வேலை. விரல் முட்டியால் தட்டினால் நல்ல மரம் பதில் சொல்லும், செல்லரித்தது சொல்லாது. எதிரே, உதிரும். இரண்டாவது எழுத்தில் ஒரே இடத்தில் தட்டுகிறது, ஒரே பலகையில் அறுத்த இரட்டைக் கதவில் இந்தப் பக்கத்து ரேகை அந்தப் பக்கம் போய்த் தொடருவதுபோல. அதுதான் எதுகை என்றான். பிறகு ஓரமாய் ஒதுங்கி ஒதுங்கியே ஒரு. முதல் எழுத்து ஒன்றுபோல் வருவதால் மோனையாம். பெயர் என்னவோ இருக்கட்டும், அந்த வரியை வாசிக்கும்போது எனக்கு வாயை அகலத் திறக்கவே முடியவில்லை, உதடு குவிந்தபடியே இருந்தது, சின்னச் சின்னதாக அடி எடுத்து வைக்கிற மாதிரி. கடையில் இரண்டு பக்கமும் கதவுகளைச் சாய்த்து வைத்திருக்கும் சந்து ஞாபகமிருக்கிறதா. ஆணி கிழித்துவிடும் என்று உடுப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஓரமாக ஓரமாக நடந்து என் மேசைக்கு வருவாய். அந்த நடை அந்த வரியில் இருந்தது. உன் சித்தப்பா அந்தச் சந்தில் உன்னை எதிர்கொண்டு பார்த்ததில்லை, மேசையில் உட்கார்ந்திருந்தது நான். அதனால் இது அவனுக்குப் புரிந்திருக்காது என்று முதலில் ஒரு சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிஷம் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது.

உனக்குப் பதினேழு வயது. மேற்கொண்டு என்ன படிப்பது என்று சொல்ல வந்தாய். கையில் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தாய், பேச வேண்டியதை எழுதி வைத்திருந்தாய் போல. நான் தலையை நிமிர்த்தவில்லை. சொல்லு, ரெண்டு நிமிஷம் இருக்கு என்றேன். நீ எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாய். நான் பேசவில்லை. பேரத்தில் நான் முதலில் வாயைத் திறக்கமாட்டேன், எதிரில் இருப்பவர் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் தானே உளறித் தானே இறங்குவார், அதுதான் என் ஆயுதம். அதை உன்மேலும் பிரயோகம் செய்தேன், வேண்டுமென்று இல்லை, வேறு மாதிரி உட்காரத் தெரியாது. நீ காகிதத்தை இன்னும் இரண்டு மடிப்பு மடித்தாய். ஒண்ணுமில்லப்பா என்றாய். நானும் ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொண்டேன், உன்னைக் கணக்குப் படிக்கச் சேர்த்தேன், பிள்ளை நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டது என்று ஊரெல்லாம் சொன்னேன். நேற்று அந்த வரியைத் தட்டியபோதுதான், எதிரில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் விட்டுவிட்டுப் போன பாதிப் பலத்தில் உன்னுடையதும் என்னிடம் இருக்கிறது என்று தெரிந்தது. வாலிக்கு அந்த வரம் பெருமைதான். அவனுக்கு ஒரு மகள் இருந்து, அவள் ஏதாவது சொல்ல எதிரே வந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த டீச்சர் சொல்லவில்லை. அன்றைக்கு நான் செய்தது தவறு. எழுதிவிட்டேன், இன்னொரு முறை எழுதச் சொல்லாதே.

புத்தகத்தில் சேர்த்துக்கொள். இது சித்தப்பாவின் அபிப்பிராயம் இல்லை, என்னுடையது. அவனும் அதையேதான் சொல்கிறான், ஆனால் நான் முதலில் சொன்னேன், உங்கம்மா சாட்சி. ஒரு எழுத்தையும் மாற்றாதே. என்னைக் காவலனே என்று ஒருமையில் கூப்பிட்டிருந்தாலும் கவிதையில் அது மரியாதைக் குறைவில்லையாம், கேட்டு வைத்துக்கொண்டேன். ஒரு சந்தேகம் மட்டும். ஒரு கடல் தள்ளி என்கிறாய், நீ விமானத்தில் போகும்போது வரைபடத்தில் பார்த்தேன், இரண்டு கடல். கவிதைக்காரர்கள் கூட்டித்தானே சொல்வார்கள், நீ குறைத்துச் சொல்லியிருக்கிறாயே என்று சித்தப்பாவைக் கேட்டேன். அவன் யோசித்துவிட்டு, எனக்கும் தெரியலண்ணே, அவளையே கேளுங்க என்றான். அவனுக்குத் தெரியாத ஒன்று உன் கவிதையில் இருக்கிறது. நேற்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்று காலையில் தச்சரைக் கூப்பிட்டு மேசையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டுவிட்டேன். இனிமேல் எதிரே உட்கார இடமில்லை, யார் வந்தாலும் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். காலையில் வந்த காண்டிராக்டர் இது என்ன பஸ் சீட்டு மாதிரி இருக்கே என்றார். வியாபாரத்துக்குக் கெடுதல்தான், ஆளின் முகம் பார்க்காமல் எப்படிப் பேரம் பேசுவது, பழகிக்கொள்கிறேன். பக்கத்தில் போட்ட நாற்காலி நல்ல மரம், நானே தட்டிப் பார்த்து எடுத்தது. அதில் முதலில் வந்து உட்கார்ந்தது யார் என்கிறாய், உன் சித்தப்பா. டீ கிளாஸோடு வந்து சௌகரியமாகச் சாய்ந்துகொண்டான். எழுப்பிவிட்டேன்.

மற்றபடி உங்கம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, படியேறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், டாக்டர் கொடுத்த பயிற்சியைச் செய்வதில்லை, நீ சொன்னால் கேட்பாள். கிடங்குக் கூரையில் ஒழுகின இடத்தை அடைத்துவிட்டோம். நீ ஹீட்டரை மிச்சம் பிடிக்கிறேன் என்று அணைத்துவைக்காதே. பல் பிடுங்கின இடம் ஆறியதா என்று எனக்கு நேராகச் சொல். புத்தகம் போடுகிறவர் கையெழுத்துக் கேட்டால் எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுப் போடு, இந்த விஷயத்தில் சித்தப்பாவைக் கேட்காதே, என்னைக் கேள், அவன் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவான். நீ நினைத்தது நினைத்தபடி நடந்து, எழுதினது எல்லாம் நல்ல கைகளுக்குப் போய்ச் சேர்ந்து, நிறைந்த ஆயுசோடும் நல்ல பலத்தோடும் இருக்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். சித்தப்பாவும் வாழ்த்துகிறானாம், எழுதச் சொன்னான், எழுதிவிட்டேன்.

இனி நடக்கவேண்டியதை நானும் அவனும் உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறோம், உங்கம்மா நடுவில் இருந்தாள். நீ எழுதுகிற கவிதை எல்லாம் முதலில் எனக்கு வரவேண்டும், மூன்று நாள் கழித்துத்தான் அவனுக்கு என்று நான் கேட்டேன். ஒரே நாளில் இரண்டு பேருக்கும் என்று அவன் நின்றான். இழுத்துப் பிடித்து ஒரு நாளில் முடிந்தது. கவிதை எனக்கு வெள்ளிக்கிழமை, அவனுக்குச் சனிக்கிழமை. புராணத்தில் யார் எவர் என்று நான் கேட்டால் அவன் சொல்லலாம், அர்த்தம் சொல்லக்கூடாது. அதற்குப் பதிலாக அவன் என்னிடம் வாங்கிக்கொண்டது இது. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது முதல் பதினைந்து நிமிஷம் நீ மட்டும் பேசுவாய், நான் வாயைத் திறக்கமாட்டேன், ஆனால் பேரத்தில் உட்காருகிற மாதிரி சும்மாவும் இருக்கமாட்டேன், உம் கொட்டுவேன். குறுக்கே பேசினால் போன் அவன் கைக்குப் போய்விடும். ஒத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா